மாத்திரை கூடக்கூட டிஎஸ்ஹெச்சும் கூடுகிறது, என்ன செய்வது?

#1 கூடலூர்_மகள்

அம்மா ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர், வண்டன்மேடு பக்கம். காலை அஞ்சரைக்கு ஜீப் வந்துவிடும், அதற்குள் சமைத்துத் தூக்குவாளியில் கட்டிக்கொண்டு ஏற வேண்டும். ரெண்டு வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். 50 மைக்ரோகிராமில் ஆரம்பித்து 75 ஆகி, இப்போது 100. தைராய்டுக்கு எடுக்கிற ரத்த டெஸ்டில் டிஎஸ்ஹெச் என்று ஒரு எண் வருமே, அது போன தடவை 9 இருந்தது, இந்தத் தடவை 14. ஒரு நாள்கூட மாத்திரையை விடுவதில்லை, நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். டாக்டர் 125க்கு ஏற்றலாம் என்கிறார். தோட்டத்தில் கூட வேலை செய்கிற சேச்சி ஒருவர், இதை நிறுத்திவிட்டு அயோடின் சொட்டு எடுத்துக்கொள் என்று அம்மாவின் மனதைக் கலைத்திருக்கிறார். எனக்கு ஒரே ஒரு கேள்விதான். மாத்திரை கூடும்போது டிஎஸ்ஹெச்சும் கூடுகிறது என்றால், அதைக் கூட்டுவதே இந்த மாத்திரைதானா?

#2 மெட்டு_மெடிக்கல்

மாத்திரை கூட்டவில்லை தங்கச்சி, அதை அப்புறம் பேசலாம். முதலில் இதைச் சொல்லு. எத்தனை மணிக்கு, எதோடு சேர்த்துப் போடுகிறார்? வேறு என்ன மாத்திரை ஓடுகிறது?

#3 கூடலூர்_மகள்

அஞ்சு மணிக்கு மேல், டீயோடு. கையில் டம்ளர் இருக்கும்போதே எல்லாவற்றையும் மொத்தமாகப் போட்டுவிடுவார். ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரையும், முட்டி வலிக்குக் கால்சியமும் நாலு மாதமாக இருக்கிறது.

#4 மெட்டு_மெடிக்கல்

அப்படியென்றால் முதல் சந்தேகம் அங்கேதான். தைராய்டு மாத்திரையில் இருக்கும் தைராக்ஸின் குடலில் இரும்பையோ கால்சியத்தையோ சந்தித்தால் அவற்றோடு ஒட்டிக்கொள்ளும், ரத்தத்துக்குள் போகாமல் அப்படியே வெளியே போய்விடும். டீயும் காபியும் பாலும்கூட உறிஞ்சுவதைக் குறைக்கும். அட்டையில் 100 என்று போட்டிருந்தாலும் அம்மாவின் உடம்புக்குள் அதில் எவ்வளவு போகிறது என்பதுதான் கணக்கு. நாலு மாதத்துக்கு முன்னால் அந்த ரெண்டு மாத்திரையும் சேர்ந்தது, அதற்கப்புறம் டிஎஸ்ஹெச் ஏறியது. கோடு போட்ட மாதிரித் தெரிகிறது.

கம்பத்தில் கடை வைத்திருக்கிறேன், தோட்டத்துக்குப் போகிற பெண்கள் பாதிப் பேருக்கு இதே கதைதான். பல் விளக்கிய கையோடு வெறும் தண்ணீரில் தைராய்டு மாத்திரை மட்டும். அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் டீ. இரும்பும் கால்சியமும் குறைந்தது நாலு மணி நேரம் தள்ளி, அதாவது ஒன்றை மதியச் சாப்பாட்டோடும் இன்னொன்றை ராத்திரியோடும் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. 125க்கு ஏற்றிவிட்டு, அதே வாரத்தில் இப்படி நேரத்தையும் மாற்றினால், திடீரென்று முழு மருந்தும் உள்ளே போகும். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் வரும். வயதானவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும், நாளாக ஆக எலும்பும் தேயும். அதனால் டாக்டரிடம் இந்த டீ விஷயத்தையும் இரும்பு மாத்திரை விஷயத்தையும் சொல்லிவிட்டு, ஏற்றலாமா அல்லது நேரத்தை மட்டும் மாற்றிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். நாமாக எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

#5 லேப்_அக்கா

நம் ஊர் ரிப்போர்ட்டைப் பார்க்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் டிஎஸ்ஹெச்சைத் தைராய்டு சுரக்கிற சரக்கு என்றே நினைக்கிறார்கள். தங்கச்சி கேட்ட கேள்வியும் அதிலிருந்து வருவதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கழுத்தில் இருக்கும் தைராய்டு 15, 20 கிராம் எடைதான். அது சுரப்பது டி4, டி3 என்ற ரெண்டு ஹார்மோன். டிஎஸ்ஹெச் அங்கிருந்து வருவதில்லை. மண்டைக்குள் மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரியிலிருந்து வருகிறது. ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்தும்போது சூட்டைப் பார்த்துப் பார்த்து அடுப்புக்கு விறகு தள்ள ஒருவர் இருப்பார் இல்லையா, பிட்யூட்டரி செய்வது அந்த வேலை. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் டிஎஸ்ஹெச்சைக் கூடுதலாக விடும், கூடினால் குறைத்துக்கொள்ளும். ஆக டிஎஸ்ஹெச் 14 என்றால் உள்ளே ஹார்மோன் போதவில்லை, இன்னும் இன்னும் என்று மேலே இருப்பது கேட்டுக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். பெரியவர்களுக்குப் பொதுவாக 0.4லிருந்து 4 வரை சரி என்று வைத்திருக்கிறார்கள், லேபுக்கு லேப் சின்ன வித்தியாசம் இருக்கும்.

பிட்யூட்டரிக்கும் மேலே ஹைப்போதலாமஸ் இருக்கிறது. அது விடும் டிஆர்ஹெச்தான் பிட்யூட்டரியைத் தூண்டும். இந்த டிஆர்ஹெச்சைப் பிரித்தெடுக்க கில்லெமின் என்பவர் ஆட்டு மூளைகளிலும் ஷாலி என்பவர் பன்றி மூளைகளிலும் வருடக்கணக்கில் உழைத்தார்கள், லட்சக்கணக்கான மூளைகள், கிடைத்தது மில்லிகிராம் கணக்கில். 1969இல் அதன் அமைப்பு தெரிந்தது. 1977இல் ரெண்டு பேருக்கும் நோபல். அந்த வருட மருத்துவ நோபலின் மறுபாதி ரோசலின் யாலோ அம்மாவுக்குப் போனது, இவ்வளவு நுண்ணிய அளவில் ஓடும் ஹார்மோன்களை ரத்தத்தில் அளக்க வழி கண்டதற்காக. நாங்கள் தினமும் மெஷினில் டியூபை ஏற்றி எண் எடுப்பதெல்லாம் அவர் போட்ட பாதையில் நடப்பதுதான். இதை நினைக்கும்போது எனக்கு இந்த வேலை மேல் மரியாதை கூடும்.

இன்னொன்று, அவசரப்பட்டு டெஸ்ட் எடுக்காதீர்கள். டி4 ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். மாத்திரை அளவையோ நேரத்தையோ மாற்றினால் ரத்தத்தில் புது மட்டம் நிலைக்க 6 வாரம் வேண்டும். பதினைந்து நாளில் வந்து ஊசி குத்திக்கொண்டு, குறையவே இல்லையே அக்கா என்று கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள். பல மெஷின்களில் அது கணக்கைக் குழப்பி டிஎஸ்ஹெச்சைக் குறைவாகவும் டி4ஐ அதிகமாகவும் காட்டும். ரெண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு வரச் சொல்வோம்.

#6 இயற்கைவழி_போடி

எல்லோரும் மாத்திரையை எப்படிப் போடுவது என்றே பேசுகிறீர்கள், ஏன் போட வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. வெளியிலிருந்து ஹார்மோனை ஊற்றிக்கொண்டே இருந்தால் சுரப்பி சோம்பேறியாகிவிடாதா? நம் பாட்டிகள் காலத்தில் தைராய்டு மாத்திரை எங்கே இருந்தது? முட்டைக்கோஸையும் கப்பைக்கிழங்கையும் நிறுத்தி, பாக்கெட் உப்பை விட்டுவிட்டு இந்துப்புக்கு மாறினால் சரியாகும் என்று பலர் சொல்கிறார்கள். அயோடின் குறைவினால் வருவதுதானே தைராய்டு, அப்படியானால் அயோடின் சொட்டில் என்ன தப்பு?

#7 தேவாரம்_ராசா

அண்ணே, அயோடின் வேண்டும் என்றும் சொல்கிறீர்கள், அயோடின் இருக்கிற உப்பை விடு என்றும் சொல்கிறீர்கள். இந்துப்பில் தனியாகக் கலந்தால் ஒழிய அயோடின் பேருக்குத்தான் இருக்கும். ரெண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

#8 குமுளி_நர்ஸ்

போடி அண்ணன் கேட்டது பலர் மனதில் இருக்கிற கேள்விதான், அதனால் நிதானமாகவே பதில் எழுதுகிறேன்.

பாட்டி காலத்தில் மாத்திரை இல்லை, சரி. நோய் இருந்தது. மலைநாடுகளில் கழுத்தில் கழலை தொங்கிய மனிதர்கள் ஏராளம், மழை மண்ணிலிருந்து அயோடினை அடித்துக்கொண்டு போய்விடும் என்பது ஒரு காரணம். இமாச்சலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956இல் டாக்டர் ராமலிங்கசுவாமியின் குழு ஊர்களைப் பிரித்து, சில ஊர்களுக்கு அயோடின் சேர்த்த உப்பையும் சில ஊர்களுக்குச் சாதா உப்பையும் கொடுத்துப் பார்த்தது. சில வருடங்களில் அயோடின் உப்பு சாப்பிட்ட ஊர்களில் கழலை நன்றாகக் குறைந்தது. 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும், கர்ப்பிணிக்கு 250. உப்பிலேயே அது கிடைத்துவிடும். பாக்கெட்டை அடுப்புக்குப் பக்கத்தில் திறந்து வைக்காமல் மூடி வைத்தால் சரி.

ஆனால் இன்றைக்கு அயோடின் உப்பு சாப்பிடும் வீடுகளில் வரும் தைராய்டு குறைவு பெரும்பாலும் வேறு வகை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்கி மெல்ல மெல்ல அழிக்கிறது. 1912இல் ஜப்பானின் ஹஷிமோட்டோ எழுதி வைத்த நோய் இது, பெண்களுக்குத்தான் அதிகம். இதில் கூடுதலாக அயோடின் கொட்டினால் குணமாகாது, சிலருக்குத் தைராய்டு இன்னும் மந்தமாகும். சேச்சி நல்ல மனதோடு சொல்லியிருப்பார், ஆனாலும் அந்தச் சொட்டு வேண்டாம்.

சுரப்பி சோம்பேறி ஆகும் என்பது பற்றி. அழிந்துகொண்டிருக்கும் சுரப்பியால் தேவையான அளவு சுரக்க முடியவில்லை, அதற்காகத்தான் மாத்திரை. அதில் இருப்பது உடம்பு தானே செய்கிற அதே டி4. 1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் டாக்டர் இதற்கு மருந்தே இல்லாத காலத்தில் ஆட்டுத் தைராய்டுச் சாற்றை ஒரு பெண்ணுக்கு ஊசியாகப் போட்டார். முகமும் கையும் ஊதி, பேச்சு குழறிப் போயிருந்தவருக்கு அப்போது வயது 46. அதன் பிறகு 28 வருடம் வாழ்ந்து 74 வயதில்தான் இறந்தார். அத்தனை வருடத்தில் அவருக்காக 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் தைராய்டு போயிருக்கிறது. இன்று அந்த வேலையை ஒரு சின்ன மாத்திரை செய்கிறது, ஒரு வாய் தண்ணீரில் விழுங்கினால் முடிந்தது.

கப்பையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எங்கள் பக்கம் அதில்லாமல் முடியாது. கப்பையிலிருந்து உடம்பில் உண்டாகும் தயோசயனேட் அயோடின் தைராய்டுக்குள் போவதைத் தடுக்கும் என்பது உண்மை. அயோடினே கிடைக்காத இடத்தில் தினமும் மூன்று வேளை கப்பையே சாப்பாடு என்றால் அது பிரச்சினை. அயோடின் உப்புச் சேர்த்து, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, மீன்கறியோடு சாப்பிடுகிறவர்களுக்குப் பயம் வேண்டாம். முட்டைக்கோஸும் அப்படியே, வேகவைத்துப் பொரியலாகச் சாப்பிடுவதற்குத் தடை இல்லை.

கர்ப்பமாக இருக்கிற பெண்கள் மட்டும் இதில் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. முதல் மூன்று மாதம் குழந்தையின் மூளை தாயின் தைராய்டு ஹார்மோனை நம்பித்தான் வளர்கிறது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் நாள் தள்ளிப்போனது தெரிந்த உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும், பெரும்பாலும் அளவைக் கூட்டுவார்கள். பிறந்த குழந்தைக்குக் குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கும்போது, பச்சைக் குழந்தையை ஏன் குத்துகிறீர்கள் என்று சண்டை போடாதீர்கள். தைராய்டு இல்லாமல் பிறக்கும் குழந்தையை ரெண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் மற்றக் குழந்தைகள் மாதிரியே வளரும். விட்டுவிட்டால் மூளை வளர்ச்சி திரும்பி வராது.

#9 தேவாரம்_ராசா

நன்றி சேச்சி. எனக்கு ஒரு ஆதங்கம். டிஎஸ்ஹெச் ஒன்றைப் பார்த்தாலே போதும் என்கிறபோது டி3, டி4, அது இது என்று பேக்கேஜ் போட்டுக் காசு வாங்குகிறார்கள். ஒரு நாள் கூலியே அதில் போய்விடுகிறது. டிஎஸ்ஹெச் நார்மல் என்றால் எல்லாம் நார்மல்தானே?

#10 எல்லைத்தெரு

தம்பி, பெரும்பாலானவர்களுக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்த ஒரு வரியை நம்பித்தான் எங்கள் அத்தை பல வருடம் கஷ்டப்பட்டார்.

அத்தைக்கு மூன்றாவது பிரசவத்தில் ரத்தம் நிற்கவே இல்லை. தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்து, ரத்தம் ஏற்றி, உயிர் பிழைத்ததே பெரிய விஷயம் என்று வீட்டில் எல்லோரும் கும்பிட்டார்கள். அந்தக் குழந்தைக்குத் தாய்ப்பால் சுரக்கவில்லை. மாதவிலக்கும் திரும்பி வரவில்லை. உடம்பு பலவீனம் என்று விட்டுவிட்டோம். அப்புறம் வருடக்கணக்கில் சோர்வு, எந்த வெயிலிலும் குளிர், எழுந்து நின்றால் தலைசுற்றல், பசியில்லை. ரெண்டு மூன்று தடவை உப்பு குறைந்து மயங்கி விழுந்து குளுக்கோஸ் ஏற்றினோம். போன இடத்திலெல்லாம் டிஎஸ்ஹெச் மட்டும் பார்த்தார்கள், 2.8, 3.1 என்று வரும், தைராய்டு இல்லை என்று அனுப்பிவிடுவார்கள்.

கடைசியில் ஒரு பெண் டாக்டர்தான் உட்கார வைத்து, பிரசவத்தில் ரத்தம் நிறையப் போனதா, பால் சுரந்ததா என்று கேட்டார். அந்த ரெண்டு கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. டி4 பார்த்தார், அடிமட்டத்தில் இருந்தது. அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைக் காலை 8 மணிக்குப் பார்த்தார், அதுவும் அப்படியே. கர்ப்ப காலத்தில் பிட்யூட்டரி பெரிதாகும், பிரசவத்தில் ரத்தம் அளவுக்கு மீறிப் போய் பிரஷர் விழுந்தால் ரத்த ஓட்டம் இல்லாமல் அதில் ஒரு பகுதி செத்துப்போகும் என்று விளக்கினார். 1937இல் ஷீஹன் என்ற டாக்டர் விவரித்ததால் அவர் பெயரிலேயே நோய் இருக்கிறது. லேப்_அக்கா சொன்ன விறகு தள்ளுகிறவரே விழுந்து கிடக்கிறார், அப்புறம் அவர் எவ்வளவு தள்ளுகிறார் என்று அளந்தால் என்ன தெரியும்?

பிட்யூட்டரி தைராய்டை மட்டும் பார்ப்பதில்லை. அட்ரினல், சினைப்பை, தாய்ப்பால் எல்லாவற்றுக்கும் உத்தரவு அங்கிருந்துதான் போகிறது. அதனால் வரிசையாக எல்லாம் விழும். இதில் உயிர் போகிற ஒரு விஷயம் உண்டு. கார்ட்டிசாலும் சேர்ந்து குறைந்தவருக்குத் தைராய்டு மாத்திரையை முதலில் கொடுத்துவிடக் கூடாது. தைராய்டு ஹார்மோன் உள்ளே போனதும் உடம்பின் ஓட்டம் கூடும், மிச்சமிருக்கும் கொஞ்சக் கார்ட்டிசாலும் சீக்கிரம் செலவாகும், பிரஷர் படுத்துவிடும். முதலில் கார்ட்டிசாலுக்குப் பதிலாக ஸ்டீராய்டு, அப்புறம் தைராக்ஸின். அத்தைக்கு அப்படித்தான் கொடுத்தார்கள். மாதம் தாண்டுவதற்குள் வாசலில் உட்கார்ந்து தானாகப் பூ கட்டினார்.

பேக்கேஜ் வேண்டாம், சம்மதம். ஆனால் பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, பால் சுரக்காதது, மாதவிலக்கு நின்றது இவற்றில் ஏதாவது இருந்தால் வாயைத் திறந்து டாக்டரிடம் சொல்லி டி4ஐயும் சேர்த்துப் பாருங்கள். லயங்களில் பிரசவம் பார்த்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது.

#11 மெட்டு_மெடிக்கல்

எல்லைத்தெரு எழுதியது ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும்.

இதே வட்டம் வேறு வழியிலும் உடைகிறது. மூட்டு வலிக்கு, இளைப்புக்கு என்று பேர் போடாத பொடிப் பொட்டலம் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். மூன்றே நாளில் வலி போய்விடும், நன்றாகப் பசிக்கும், முகம் நிலா மாதிரி வட்டமாகும். அப்படி ஒரு பொடியில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் கார்ட்டிசால் போதும் போதும் என்று பிட்யூட்டரி உத்தரவை நிறுத்திவிடும், சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுருங்கிவிடும். மூன்று நாலு வாரம் தாண்டினாலே இது ஆரம்பிக்கலாம். அப்புறம் பொடி தீர்ந்தது என்றோ, கெடுதல் என்று யாரோ சொன்னதைக் கேட்டோ சட்டென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், பிரஷர் இறக்கம். அந்த நிலையில் காய்ச்சலும் வந்தால் ஆளே போய்விடுவார். போடி அண்ணன் சொன்ன அந்தச் சுரப்பி சோம்பேறியாவது நிஜமாகவே நடக்கிற இடம் இதுதான். சாப்பிட்டிருந்தால் பயப்படாமல் டாக்டரிடம் பொட்டலத்தைக் காட்டுங்கள், படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவார்கள்.

#12 இயற்கைவழி_போடி

அந்தப் பொடிகளை நானும் எதிர்க்கிறேன், அதை இயற்கை மருத்துவம் என்று விற்பது எங்களுக்குத்தான் அவமானம். அதே சமயம் ஒன்றைக் கேட்கிறேன். மூணரை மணிக்கு எழுந்து ராத்திரி பத்து மணிக்குப் படுக்கிற பெண்ணின் உடம்பு என்ன மாத்திரை போட்டாலும் தாங்குமா? தூக்கத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே?

#13 குமுளி_நர்ஸ்

அதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன் அண்ணா. கார்ட்டிசால் விடிகாலையில் உச்சத்துக்கு ஏறி நடு ராத்திரியில் அடிமட்டத்துக்கு இறங்கும். தூக்கம் குறையக் குறைய அந்த ஏற்ற இறக்கம் கலையும், இன்சுலினின் வேலையும் மந்தமாகும், சர்க்கரை ஏறும். ஆழ்ந்த தூக்கத்தில்தான் வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. தோட்டத்துப் பெண்களுக்குச் சர்க்கரையும் பிரஷரும் முன்கூட்டியே வருவதைப் பார்க்கும்போது, வீட்டில் ஆண்களும் பிள்ளைகளும் சமையலில் ஒரு கை கொடுத்து அம்மாவை இன்னும் ஒரு மணி நேரம் தூங்க விட்டாலே எவ்வளவோ நல்லது என்றுதான் தோன்றுகிறது. தைராய்டு குறைவு மட்டும் தூக்கத்தால் சரியாகாது, அதற்கு மாத்திரை வேண்டும்.

#14 கூடலூர்_மகள்

எல்லோருக்கும் நன்றி. டாக்டரிடம் டீயையும் இரும்பு மாத்திரையையும் சொன்னேன். 125 வேண்டாம், 100லேயே இருக்கட்டும், நேரத்தை மாற்றிவிட்டு ரெண்டு மாதம் கழித்து டிஎஸ்ஹெச்சும் டி4ஐயும் பார்ப்போம் என்றார். அம்மாவுக்குப் பிரசவத்தில் அப்படி ரத்தப்போக்கு இருந்ததில்லை, அதையும் கேட்டுக்கொண்டேன். காலையில் டீயைத் தள்ளிப்போடுவதுதான் முடியாத காரியமாக இருக்கிறது, எழுந்ததும் அடுப்படி, டீ குடிக்காமல் கை ஓடாது என்கிறார். ராத்திரி படுக்கும்போது மாத்திரையைப் போடலாமா?

#15 மெட்டு_மெடிக்கல்

போடலாம், டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு. ஒரே நிபந்தனை, சாப்பிட்டு முடித்து மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். பத்து மணிக்குப் படுப்பவர் ஏழு மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும், தோட்டத்திலிருந்து வந்து அது முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் இன்னொரு வழி. தலைமாட்டில் மாத்திரையும் தண்ணீரும் வைத்துவிடுங்கள், எழுந்த உடனே போட்டுவிட்டு அரிசி களைந்து குழம்பு கூட்டி முடித்தால் அரை மணிக்கு மேல் ஓடிவிடும், அப்புறம் டீ. இரும்பு மாத்திரையைத் தூக்குவாளியோடு கட்டிக் கொடுங்கள், மதியச் சாப்பாட்டோடு போகட்டும். கால்சியம் ராத்திரிச் சாப்பாட்டோடு. ராத்திரி மாத்திரை முறைக்கு மாறினால் கால்சியத்தையும் காலைக்கு மாற்ற மறக்க வேண்டாம்.

#16 லேப்_அக்கா

ரத்தம் கொடுக்கிற அன்றைக்குக் காலை மாத்திரையைப் போடாமல் வரச் சொல்லுங்கள், ரத்தம் எடுத்த பிறகு போட்டுக்கொள்ளலாம். டி4 பார்ப்பதாக இருந்தால் அது முக்கியம், மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்கு அது கொஞ்சம் தூக்கலாகக் காட்டும். டிஎஸ்ஹெச்சுக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை, ஆனால் போன தடவை காலையில் கொடுத்திருந்தால் இந்தத் தடவையும் காலையிலேயே, அதே லேபிலேயே கொடுங்கள், அப்போதுதான் ரெண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.

#17 கூடலூர்_மகள்

தலைமாட்டு முறையை இன்று ராத்திரியிலிருந்து ஆரம்பிக்கிறோம். ரிப்போர்ட் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.

#18 தேவாரம்_ராசா

எங்கள் மதினியும் பிரசவத்துக்கு அப்புறம் இதே மாதிரி சோர்வு என்கிறார், அண்ணனிடம் எல்லைத்தெரு எழுதியதை வாசித்துக் காட்டினேன். திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போகிறோம். டி4உம் காலைக் கார்ட்டிசாலும் என்று சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன், வேறு ஏதாவது கேட்க வேண்டுமா?

#19 எல்லைத்தெரு

சோடியமும், அதாவது ரத்தத்தில் இருக்கும் உப்பும், கேளுங்கள் தம்பி. குழந்தைக்குப் பால் எத்தனை நாள் கொடுத்தார், மாதவிலக்கு எப்போது திரும்பியது, ரத்தம் எத்தனை பாட்டில் ஏற்றினார்கள், இதை மதினியிடமே கேட்டு அதே சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். கார்ட்டிசால் ரிப்போர்ட் வருவதற்கு முன்னால் யாராவது தைராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தால், இதைப் பார்த்த பிறகு ஆரம்பிக்கலாமா என்று தயங்காமல் கேளுங்கள்.

வாந்தியோ மயக்கமோ வந்தால் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.